கூலிங் கிளாஸ் வெல்டர்

கேள்வி: எதிர் வீட்டில் மூன்றாவது மாடி எழும்புகிறது. வெல்டிங் வைக்கும் பையன், நடைபாதையில் வாங்கிய கூலிங் கிளாஸோடு வேலை பார்க்கிறான். அது போதுமா?
- ஒரு வாசகி, கரோல் பாக், தில்லி

பதில்: செல்ஃபிக்குப் போதும், கண்ணுக்குப் போதாது. வெல்டிங் வெளிச்சத்தின் புற ஊதாக் கதிர் அப்போதைக்குச் சும்மா இருக்கும். நடுராத்திரியில்தான் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். முகத்தை மூடும் ஷீல்டு வேண்டும். அதில் 10 அல்லது 11-ஆம் எண் கறுப்புக் கண்ணாடி. ஜி.ஐ. பைப்பில் வைத்தால் துத்தநாகப் புகையில் குளிர்காய்ச்சலே வரும். (பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறை வைத்தியம். லாபம் பால்காரருக்கு!)

எனக்குப் பெரிய பயம் பொறிதான். பத்து மீட்டர்கூடப் பறக்கும். 1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் மேலே வெல்டிங் நடந்தது. கீழே கூரைக்குள் இருந்த தெர்மகோல் பற்றிக்கொண்டது. 17 பேர் செத்தார்கள், பெரும்பாலும் புகையில். உங்கள் பேட்டையில் 2019 பிப்ரவரி 12 விடியற்காலை அர்பித் பேலஸ் ஹோட்டலில் போனதும் 17 உயிர். அது வெல்டிங் தீ அல்ல. ஆனால் நெருக்கடியான கட்டடத்தில் புகை என்ன செய்யும் என்று கரோல் பாக்குக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெல்டிங் வைக்குமிடத்தில் சிமென்ட் சாக்கு, பெயின்ட் டப்பா எதுவும் கூடாது. பக்கத்திலேயே தீயணைப்பான். வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் ஓர் ஆள் காவல்.

பையனைத் திட்டாதீர்கள். ஷீல்டு வாங்கித் தரவேண்டியவர் கான்ட்ராக்டர்.