கண் இருக்கு, பார்வை ஃப்ளாப்பியில்

1994-இல் கனெக்டிக்ஸ் நிறுவனம் மேகின்டாஷுக்காக 99 டாலருக்கு விற்ற குவிக்கேம், பெயர்த்தெடுத்த முழியைப் போன்ற ஓர் உருண்டை வெப்கேம். 320-க்கு 240 புள்ளிகள், 16 சாம்பல் சாயல்கள். இன்றும் பழைய சாமான் கடையில் கிடைத்தால் லென்ஸ் கிண்ணென்று இருக்கும். செத்துப்போனது கூடவே வந்த மென்பொருள் ஃப்ளாப்பிதான். கேமரா வியாபாரத்தை 1998-இல் லாஜிடெக் வாங்கிக்கொண்டது. ஃப்ளாப்பிக்கு யாரும் வாரிசில்லை.

பிசிக்கு வந்த மாடல் இன்னும் சாமர்த்தியசாலி. பிரிண்டர் செருகும் ஓட்டையில் நுழைந்துகொண்டு, மின்சாரத்தைக் கீபோர்டு ஓட்டையிலிருந்து உறிஞ்சும். இன்றைய லேப்டாப்பில் இரண்டு ஓட்டையும் இல்லை. யுஎஸ்பி அடாப்டர் இருக்கிறதே என்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தெரிந்த ஒரே பிராணி பிரிண்டர். கேமராவோ போர்ட்டின் கம்பிகளை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினால்தான் வாய் திறக்கும். அடாப்டர் அதனிடம் பக்கம் பக்கமாக அச்சடிக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்.

லினக்ஸ் ஆர்வலர்கள் சொந்தமாக டிரைவர் எழுதினார்கள், புண்ணியவான்கள். அது லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இடம்பிடித்து, பிறகு பராமரிக்க ஆளில்லாமல் நீக்கப்பட்டது. ஆகவே பழைய கேமராவுக்குப் பழைய கெர்னல், அதற்கொரு பழைய பிசி, அந்தப் பிசியின் மதர்போர்டுக்குப் புது பேட்டரி. இத்தனையும் கூடிவந்து திரையில் சாம்பலாக ஓர் உருவம் அசையும்போது, அதைச் சட்டென்று செல்ஃபோனில் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பலாம். குவிக்கேமிலிருந்து நேரடியாக அனுப்பத்தான் வேறு மென்பொருள் வேண்டும்.