சதுரக் கோலமும் சாக்பீஸும்

2018ஆம் ஆண்டு 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கு வந்த தமிழகத்தின் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு என்னும் கறுப்பு வெள்ளைச் சதுரக் கோலம் எழுந்தருளியபோது, அதனைக் கைப்பேசியால் தரிசித்த மாத்திரத்தில் காணொளி ரூபமாக ஞானம் பிரவாகமெடுக்கும் என்று நாம் பரமானந்தம் அடைந்தோம். ஆயின், மாணாக்கர் கைப்பேசி கொண்டுவருதல் மகா அபராதம் என்று விதித்திருக்கும் பள்ளியில் அக்கோலத்தை எதனால் தரிசிப்பது என்னும் சூட்சுமத்தை மட்டும் எவரும் உபதேசித்தாரில்லை. ஆசிரியரோ, தம் சொந்தக் கைப்பேசியில் சொந்தச் செலவில் இணையத்தை ஆவாஹனம் செய்து, திரையில் சிறு வட்டம் ஒன்று ஓயாது சுழல்வதை நாற்பது பிள்ளைகளுக்கும் காட்டி, இறுதியில் அதுவும் நின்றுவிட, பூமியின் சுழற்சியைக் கரும்பலகையில் வரைந்து முடிப்பார். கடவுச்சொல் கேளாத சாதனம் வகுப்பில் இன்றும் அந்தக் கரும்பலகை ஒன்றுதான்.