நிமிராதை மோனை

நிமிராதை மோனை, அப்பிடியே இரு. ஆர் சொன்னது இந்தக் காலத்துப் பெடியளுக்கு அடக்கம் இல்லையெண்டு? எங்கடை தலையைக் குனியவைக்க வாத்தியார் பிரம்பெடுக்கவேணும். உனக்கு போனிலை கொஞ்சம் சார்ஜ் இருந்தாலே காணும். கிங்ஸ்பரி ரோட்டிலை எதிரை வந்த என்னை நீ கவனிக்கேல்லையெண்டு கொம்மா குறைப்பட்டவ. தூரத்திலையே தலை குனிஞ்சு மரியாதை செய்துகொண்டெல்லோ வந்தவன் எண்டு நான்தான் சமாளிச்சனான்.

முந்தி லண்டன் ஜூபிலி லைன் ரெயினிலை ஒரு இடைஞ்சல். பின்ச்லி ரோடு தாண்டி ரெயின் நிலத்துக்குக் கீழை பூந்தால் சிக்னல் போயிடும். ஒருத்தற்றை முகத்தை ஒருத்தர் பாக்கவேண்டிய கேடு. 2020 மார்ச்சிலை வெஸ்ட்மின்ஸ்டர் தொடக்கம் கானிங் டவுன் மட்டும் சுரங்கத்துக்கையும் 4ஜி குடுத்துக் காப்பாத்தினாங்கள் மகராசன்மார்.

எங்கடை கிங்ஸ்பரி லேசுப்பட்ட இடமில்லை. 1929இலை ஜோன் லோகி பேர்ட் எண்ட ஸ்கொட்லாந்துக்காரன் பெர்லினிலையிருந்து வந்த தொலைக்காட்சி சிக்னலைப் பிடிச்சது இந்த றோ கிறீன் பார்க்கிலைதான். எண்டாலும் பாவம், பெட்டியை மேசையிலை வைச்சுப் பாக்கத்தான் அவனுக்குத் தெரிஞ்சது. மடிக்குள்ளை வைச்சுப் பாக்கிற வித்தை உங்கடை.

பிடரி நோகுதோ? தலை ஒரு 5 கிலோ வரும், உள்ளுக்கு ஏதும் இருக்கோ இல்லையோ. நிமிந்திருந்தால் முள்ளந்தண்டு அதைத் தாங்கும். முன்னுக்குச் சரிஞ்சால் பிடரித் தசைதான் இழுத்துப் பிடிக்கவேணும். ஊர்க் கிணத்துத் துலாவிலை முன்பாரம் கூடக்கூட, பின்னுக்கும் பாரம் கூட்டிக் கட்டிறேல்லையே, அந்தக் கணக்கு. 60 பாகை குனிஞ்சால் கழுத்துக்கு 27 கிலோ எண்டு நியூயோர்க் டொக்டர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இலை எழுதினவர். அதுவும் கணக்குத்தான், ஆற்றையும் கழுத்திலை தராசு கட்டி நிறுக்கேல்லை. ரியோவிலை 18 தொடக்கம் 21 வயசுப் பிள்ளையளைப் பாத்து பிரேசில்காரர் 2018இலை எழுதினதிலை, குனிஞ்சு போன் பாக்கிறதுக்கும் கழுத்து நோவுக்கும் தொடர்பு தெரியேல்லையாம்.

ஏன் சிரிக்கிறாய்? கொம்மாவுக்கு வாசிச்சுக் காட்டவோ? பொறு.

நாங்களும்தான் குனிஞ்சு வெங்காயம் நட்டம், புகையிலைக்குக் களை பிடுங்கினம். ஆனால் வரம்புக்கு ஒருக்கா நிமிந்து சுருட்டுப் பத்தினம், பக்கத்துத் தோட்டக்காரனோடை சண்டை பிடிச்சம். நீ மத்தியானம் சாய்ஞ்ச சோபாவிலை விளக்கு வைக்கிற நேரமும் அதே கிடை. உடம்பிலை உயிர் இருக்கெண்டதுக்கு அந்தப் பெருவிரல் மட்டும்தான் சாட்சி.

கழுத்துப் பட்டி வாங்க ஓடர் போடப்போறியாம். டொக்டர் சொல்லாமல் அதைப் போடாதை, கழுத்தை அசை எண்டுதான் என்எச்எஸ் சொல்லுது. அனேகமான கழுத்து நோ சில கிழமையிலை மாறிடும். கை விறைச்சால், ஊசி குத்தினமாதிரி இருந்தால் ஜிபியிட்டைப் போ. என்னட்டை எண்ணெய் கேட்டு வராதை.

இப்ப எழும்பு. கடையிலை 5 கிலோ அரிசிப் பை ரெண்டு எடுக்கவேணும், நடந்து போவம். போனை வைச்சிட்டு வா எண்டு நான் ஒருநாளும் சொல்லமாட்டன். தாராளமாக் கொண்டுவா. வரேக்கை ரெண்டு கையிலையும் அரிசி இருக்கும், எந்தக் கையாலை பாக்கிறாயெண்டு நானும் பாக்கிறன்.