குரைப்பிழந்த ராஜபாளையம்: செஷன் ஸ்டோரேஜில் நாய் படும் பாடு குறித்து ஓர் ஆய்வு

நாயை ஸ்ட்ரிங்காக்கி, அந்த ஸ்ட்ரிங்கை மறுபடி நாயாக்கினால் கிடைப்பது அதே நாய்தானா? தத்துவவாதிகள் இந்தக் கேள்வியைக் கைவிட்டுவிட்டார்கள். ராஜபாளையத்தில் அப்படி விட்டுவிட முடியாது. ஊர்ப் பெயரையே தாங்கி, 2005-ல் இந்தியத் தபால் தலையிலேயே ஏறி உட்கார்ந்த நாய், ஒரு வெப்சைட்டின் முதல் பக்கத்திலிருந்து இரண்டாம் பக்கம் போவதற்குள் தொலைந்தால் ஊருக்கல்லவா மானக்கேடு!

ஆய்வுக்காக, குட்டி விற்கும் ஒரு வெப்சைட்டைக் கற்பனை செய்துகொள்வோம். வாங்குபவர் குட்டியைத் தேர்ந்தெடுக்கிறார். பணம் கட்டும் பக்கம் வரும்வரை அதை பிரவுசரின் செஷன் ஸ்டோரேஜில் கட்டிவைக்கிறோம். நாய் ஓர் ஆப்ஜெக்ட். நிறம் வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. பிறந்த தேதி உண்டு, தாய் உண்டு, ‘குரை’ என்றொரு ஃபங்ஷனும் உண்டு.

முதல் சோதனையில் நாயை அப்படியே உள்ளே வைத்தோம். எரர் எதுவும் இல்லை. அதுதான் வினையே. எடுத்துப் பார்த்தால் ‘[ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்]’ என்ற இரண்டு சொல் மட்டும் கிடக்கிறது. மூக்கும் இல்லை, வாலும் இல்லை. அந்தக் கொட்டடி ஸ்ட்ரிங்கை மட்டுமே ஏற்கும். வேறு எதைக் கொடுத்தாலும் கேட்காமல் கொள்ளாமல் ஸ்ட்ரிங்காக்கிவிடும். பிரவுசரில் எஃப்12 அழுத்தி ஸ்டோரேஜைப் பார்த்தால் சடலத்தைக் கண்ணாலேயே காணலாம்.

இரண்டாம் சோதனையில் நாயை ஜேசன் என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றி, அதாவது ‘சீரியலைஸ்’ செய்து, வைத்தோம். நாய் திரும்பியது, நிறமும் மூக்கும் சரி. குரைக்கச் சொன்னால் குரைக்கவில்லை. ஜேசனுக்கு ஃபங்ஷன் ஆகாது; சத்தமில்லாமல் கழற்றிவிடும். இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டென்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். ஊமைத்தனம் சீரியலைஸ் செய்ததால் வந்தது. பிறந்த தேதியோ வெறும் எழுத்தாக வந்து நிற்கிறது. வயதைக் கணக்கிடப் போனால்தான் குட்டு உடைந்து கன்சோல் சிவக்கிறது.

மூன்றாவதாக, குட்டிக்குள் தாயையும் தாய்க்குள் குட்டியையும் குறித்தோம். தாயைத் திறந்தால் குட்டி, குட்டியைத் திறந்தால் தாய் என்று போய்க்கொண்டே இருந்ததால் ஜேசன் ‘டைப் எரர்’ என்று கைவிரித்துவிட்டது. தாயின் பதிவு எண்ணை மட்டும் வைத்தால் போதும். பாசத்தை டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும். குரைப்புக்கும் வழி உண்டு: திரும்பி வந்த விவரங்களைக் கொண்டு புதிதாக ஒரு நாய் ஆப்ஜெக்டை உருவாக்க வேண்டும்.

சரி, குட்டியைப் பிடித்துவைப்பது பிரவுசரின் வேலையா, சர்வரின் வேலையா? இங்கேதான் ஆண்டாளும் பெரியாழ்வாரும் அவதரித்த, பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. வைணவத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. குட்டியே தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலையின் மர்க்கட நியாயம், அதாவது குரங்கு வழி. தாயே கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலையின் மார்ஜார நியாயம், பூனை வழி. பிரவுசர் ஸ்டோரேஜ் குரங்கு வழி. டேப்பை மூடினால் பிடி விட்டது. சர்வர் செஷன் பூனை வழி. ஆனால் பூனை வழிக்காரர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஒரே சர்வரின் மெமரியில் இருக்கும்வரை பூனை குட்டியைக் கவ்வவே வேண்டியதில்லை. செஷனை டேட்டாபேஸுக்கோ இன்னொரு சர்வருக்கோ மாற்றும் நாளில்தான் பல் படுகிறது. டெவலப்பரின் லேப்டாப்பில் ஓடியது லைவில் விழுவது சில நேரம் இதனால்தான். ஜாவாவாக இருந்தால், ‘சீரியலைசபிள்’ என்று அறிவிக்காத நாயைத் தொடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். பிஎச்பியில் நாயின் கிளாஸை ஏற்றும் முன் செஷனைத் தொடங்கினால், ‘இன்கம்ப்ளீட் கிளாஸ்’ என்ற முத்திரையோடு அரைகுறை நாய் ஒன்று வரும்.

குரைப்போடு நாயை மீட்டுத்தரும் வித்தை பைத்தானில் உண்டு. அதன் பெயர் பிக்கிள், ஊறுகாய்தான். கிளாஸின் பெயரைக் குறித்துவைத்துக்கொண்டு முழு நாயையும் எழுப்பித் தரும். ஆனால் அப்படி எழுப்பும்போதே உள்ளே யாராவது சொருகிவைத்த கட்டளையும் ஓடிவிடலாம். பைத்தானின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில் செஷனை இப்படி ஊறுகாயாக்கி குக்கியில் வைத்து, ரகசியச் சாவியும் கசிந்துவிட்டால், வெளியாள் தன் நாயை நம் சர்வருக்குள் அவிழ்த்துவிடலாம். குரைக்கிற நாய் கடிக்காது என்பதற்கு இது விதிவிலக்கு. அதனால் ஜாங்கோ 2013-ல் 1.6 பதிப்பிலேயே இயல்பு வழியை ஜேசனுக்கு மாற்றிவிட்டது. 2023 டிசம்பரில் வந்த 5.0-ல் ஊறுகாய் ஜாடியையே அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.