மண்ணரைச் சிக்கன சாஸ்திரம்

பெரும்பொருள் ஈட்டுவது எப்படி என்று உபதேசிக்கும் நூல்கள் கடைதோறும் மலிந்து கிடக்க, சோப்பின் கடைசித் துண்டையும் கிழிந்த பனியனையும் அரிசி களைந்த நீரையும் பற்றித் தக்க பிரமாணங்களோடு கூடிய ஒரு விசாரணை என் கண்ணில் இதுகாறும் படாமலிருப்பது அறிவுலகத்துக்கு நேர்ந்த பெருங்குறை என்றே கருதுகிறேன். அக்குறையை இயன்ற மட்டும் போக்கும் நோக்கத்தோடு, திருப்பூர் மாநகரத்தில் ஊத்துக்குளி சாலையை ஒட்டி, பனியன் கம்பெனிகளும் லைன் வீடுகளும் சுவரோடு சுவர் சேர்ந்து நிற்கிற மண்ணரையைக் களமாகக் கொண்டு இந்த ஆராய்ச்சி தொடங்குகிறது. சிக்கனம் எந்த ஊரிலும் உண்டு. ஆனால் ஊரார் பகலில் கம்பெனியில் கூலிக்குச் செய்யும் சிக்கனத்தையே இரவில் வீட்டில் தர்மத்துக்குச் செய்யும் ஊர் அபூர்வம் என்பதனால் களத்தை இவ்வளவு குறுக்கிக்கொண்டேன்.

முன்னோர் நூல்களைப் பாராமல் களத்தில் இறங்குவது பண்டிதர்களுக்கு அழகன்று. கௌடில்யர் தமது அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் அதிகரணத்தில், நூற்புத் தொழிலை மேற்பார்க்க ‘சூத்ராத்யக்ஷன்’ என்றோர் அதிகாரியை நியமித்து, நூல் நயமா, பருமனா, நடுத்தரமா என்று பார்த்துக் கூலி நிர்ணயிக்கும்படியும், கொடுத்த சரக்குக்கு நூல் குறைந்து வந்தால் கூலியிலும் அதற்கேற்பக் கைவைக்கும்படியும் விதித்திருக்கிறார். மைசூரில் சாமா சாஸ்திரி இந்நூலைப் பதிப்பித்து வெளியிட்ட 1909-ஆம் ஆண்டில் திருப்பூரில் பனியன் கம்பெனி என்ற பேச்சே எழவில்லை. எழுந்த பிறகோ, அந்தச் சாஸ்திரத்தைக் கண்ணாலும் பார்த்திராத சூப்பர்வைசர்கள் அதை வரி பிசகாமல் அநுஷ்டித்து வருகிறார்கள்.

வள்ளுவர் வருவாய் சிறுத்தாலும் செலவு பெருக்காதவனுக்குக் கேடில்லை என்ற கருத்தை இல்லறவியலில் வைக்காமல், அரசன் பகைமேல் செல்லுமுன் தன் பலத்தையும் மாற்றான் பலத்தையும் சீர்தூக்குவது பற்றிய ‘வலியறிதல்’ அதிகாரத்தில் கொண்டுபோய் வைத்ததன் சூட்சுமம், சனிக்கிழமை மாலையில் வாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு மளிகைக்கடைக்காரரையும் குழுக்கடன் வசூலுக்கு வருபவரையும் ஒரே நேரத்தில் எதிர்கொள்ளும் மண்ணரைப் பெண்மணிக்கு உரையாசிரியர் உதவியின்றியே விளங்கும். மேல்நாட்டிலே, பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1784-இல் பாரிஸ் நகரப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில், மக்கள் சூரியனோடு எழுந்துவிட்டால் அரையாண்டில் 6,40,50,000 பவுண்டு மெழுகும் கொழுப்பும் மிச்சமாகும் என்று கணக்கிட்டுக் காட்டினார். அவர் விளையாட்டாகச் சொன்ன வெளிச்சச் சிக்கனத்தைப் பிற்காலத்தில் வேறு சிலர் மெய்யாகவே முன்மொழிய, பல தேசங்களில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தைத் திருப்பிவைக்கும் சட்டமே வந்துவிட்டது. இத்தகைய கட்டுரை எழுதுவோர் சற்று ஜாக்கிரதையாக இருப்பது நலம்.

இனி விஷயத்துக்கு வருவோம். பின்னலாடையின் அடக்கவிலையில் பெரும்பங்கு துணிக்கே போய்விடுவதால், கம்பெனியில் வேறெவருக்கும் இல்லாத மதிப்பு கட்டிங் மாஸ்டருக்கு உண்டு. கையையும் முதுகையும் கழுத்தையும் இடைவெளி இல்லாமல் அடுக்கி, விழும் துண்டைக் குறைப்பவரே வித்வான். அந்தத் துணியின் கனத்தை அறிவதற்கு, வட்டக் கத்தி ஒன்றினால் 100 சதுர சென்டிமீட்டர் அளவில் ஒரு வில்லையை வெட்டியெடுத்துத் தராசிலிட்டு, வந்த கிராமை நூறால் பெருக்கி, 1.8 கிராம் இருந்தால் 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம், என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, வில்லையைக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவார்கள். சர்வகலாசாலைப் பேராசிரியராயிருந்தால் விஷயத்தை அங்கேயே முடித்துவிடுவார். வில்லையின் உண்மைச் சரித்திரம் அதற்குப் பின்புதான் ஆரம்பிக்கிறது. காலியான டிபன் பாக்ஸில் ஏறி அது வீடு சேர்ந்து, தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவும் உத்தியோகத்தில் அமர்கிறது. மொத்தத் துணி நெடுநாள் உழைக்கும் என்று கருதி 240 ஜி.எஸ்.எம். வில்லையை மருமகள் எடுத்தபோது, அடுப்படியில் நின்ற மாமியார் தடுத்துரைத்த வாக்கியத்தை அப்படியே தருகிறேன்: “அது எண்ணெயெல்லாம் குடிச்சுப்போடும் கண்ணு. நூத்திநாப்பது போதும்.” துணியின் கனத்துக்கும் எண்ணெய்ச் செலவுக்கும் உள்ள சம்பந்தத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன சூத்திரம் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

கம்பெனியில் விழும் கட்டிங் வேஸ்ட்டும் வீணாவதில்லை. கிலோக் கணக்கில் விலைபோய், குடோன்களில் பெண்கள் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிக்க, மில்லுக்குச் சென்று மறுபடி பஞ்சாகக் கிழிபட்டு, ஓ.இ. (ஓபன் எண்ட்) நூலாக வெளிவருகிறது, நீலத்துண்டு நீலநூலாகவே வருவதனால் சாயத்துக்கும் தண்ணீருக்கும் வேலையில்லை. இந்த மறுபிறப்புத் தத்துவத்தை வீடு எவ்வாறு கைக்கொள்கிறது என்பதற்கு ஒரு பனியனைப் பின்தொடர்ந்து பார்த்தால் போதும். பின்னலில் ஒரு ஊசித்துளை விழுந்த குற்றத்துக்காக ஏற்றுமதியிலிருந்து தள்ளப்பட்டு ‘செகண்ட்ஸ்’ என்ற பட்டத்தோடு காதர்பேட்டைக் கடைக்கு வந்து, அங்கிருந்து வீடு சேரும் பனியன், முதலில் குடும்பத் தலைவருக்கு வெளியுடையாகவும், காலர் தளர்ந்ததும் உள்வீட்டு உடையாகவும், அக்குளில் கிழிந்ததும் அவருடைய மகனுக்கு வண்டி துடைக்கும் துணியாகவும் ஆகிறது. அதற்குள் மாமியார் குறுக்கிட்டு, கைகள் இரண்டையும் வெட்டித் தலையணை உறைக்குள் திணிக்க எடுத்துக்கொள்வதுமுண்டு. உடற்பகுதி நாடா நாடாவாகக் கத்தரிக்கப்பட்டு, பின்னப்பட்டு, கால்மிதியாகிறது. கால்மிதியும் இற்றுப்போனால் வெந்நீர் அடுப்புக்குப் பற்றவைக்கும் துணியாகிறது. அந்தச் சாம்பலைக்கொண்டு பாத்திரம் துலக்குகிறார்கள் என்று ஒரு பெரியவர் சொன்னார். துணிக்குள் இருக்கும் பாலியெஸ்டரை உத்தேசித்து அதை நான் பிரமாணமாக ஏற்கவில்லை.

மற்றச் சில்லறைச் சான்றுகளை விரித்தால் கட்டுரை நீளும். நூல் சுற்றி வந்த காகிதக் கோன், நுனி சற்று நறுக்கப்பட்டு, அரிசியைக் குறுகிய வாய் டப்பாவில் இறக்கும் புனலாகிறது. அச்சுப் பிசகிய பாலி பேக் கறிவேப்பிலையைக் காக்கிறது. பால் பாக்கெட்டின் மூலை முழுவதும் துண்டாகாதபடி வெட்டப்படுகிறது. கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைச் சிற்றுறையில் அடைத்து விற்கும் வழியைக் கண்டது வாரச் சம்பளக்காரர்களுக்கென்றே செய்த உபகாரம்போல் அமைந்திருந்தும், அந்த உறைக்குள்ளும் தண்ணீர் விட்டு ஒரு குலுக்குக் குலுக்கி இரண்டாம் தலையைக் குளிப்பாட்டலாம் என்பது அவர் திட்டத்தில் இருந்திருக்க நியாயமில்லை.

சோப்பு விஷயத்தில் மட்டும் ஊரார் ஒருமனப்படவில்லை. தேய்ந்த பழந்துண்டைப் புதுக்கட்டியின் முதுகில் ஒட்டவைத்து இரண்டும் ஒன்றே என்று சாதிப்பவர்களை அத்வைதிகள் என்றும், ஹமாமின் பச்சை லைஃப்பாயின் சிவப்பின்மேல் தனித்துத் தெரிவதால் ஐக்கியம் ஒருபோதும் சித்திக்காது என்று வாதிட்டு, துண்டுகளையெல்லாம் பனியன் துணியில் தைத்த சிறு பைக்குள் போட்டு உடம்பு தேய்ப்பவர்களைத் துவைதிகள் என்றும் வகுத்துக்கொள்ளலாம். அத்வைதிகளின் கட்சி தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரமே. புதுக்கட்டியில் கம்பெனிப் பெயர் புடைத்து நிற்கும் முதல் நாளிலேயே துண்டை ஒட்டினால், எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து, மறுநாள் குளியலில் துண்டு கழன்று சலதாரையில் போய்விடும். எழுத்துத் தேயும்வரை பொறுத்து, இரண்டையும் நன்றாக நனைத்து அழுத்தி, இரவு முழுவதும் தொடாமல் விட்டால் பிரிக்க முடியாது. வேதாந்தத்திலும் பக்குவகாலம் அறியாதவர்களே தகராறு செய்கிறார்கள்.

நீர்ச் சிக்கனத்துக்கு வரும்போது நீதிமன்றத்தையும் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாட்டைக் கண்டு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எய்தும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. அதன்பின் பட்டறைகள் எதிர்ச்சவ்வூடு பரவலும் ஆவியாக்கும் இயந்திரமும் கொண்டு நீரை மீட்டு மறுபடி பயன்படுத்தக் கற்றுக்கொண்டன. அந்தப் பூஜ்ய வெளியேற்றத்தை மண்ணரை அடுக்களை எந்த உத்தரவும் இல்லாமலே சாதித்து வந்திருக்கிறது. முறை வைத்து வரும் ‘நல்ல தண்ணி’யும் போரிலிருந்து வரும் ‘உப்புத் தண்ணி’யும் ஒரே வாளியில் கலப்பது அங்கே மகாபாதகம். அரிசியை முதலில் களைந்த நீர் மாட்டுக்கும், இரண்டாவது களைந்த நீர் புளி ஊறவும், காய் கழுவியது கறிவேப்பிலைச் செடிக்கும், துணி அலசிய கடைசி நீர் வாசல் தெளிக்கவும் போக, இவ்வளவுக்கும் தப்பி ஓடிய நீரைச் சலதாரையின் கோடியில் நிற்கும் வாழை வாங்கிக்கொள்கிறது. பல கோடி ரூபாய் இயந்திரம் செய்யும் வேலையைச் செய்துவிட்டு அது தாரும் ஈனுகிறது.

மின்சாரத்தைப் பற்றிய கொள்கை இவற்றினும் கடினமானது. 2022 செப்டம்பரில் வந்த மின்கட்டணத்தை உதாரணமாகக் கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் எரித்த வீடு, முதல் நூறு இலவசம் போக, 1,725 ரூபாய் கட்டினால் போதும். 501 எரித்த வீடோ, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குரிய 2 ரூபாய் 25 காசு என்னும் சலுகை விலையை இழந்து, அதற்கும் நாலரை ரூபாய் கொடுத்து, ஐந்நூற்றோராவது யூனிட்டுக்கு எட்டு ரூபாயும் சேர்த்து, 1,958 ரூபாய் கட்ட வேண்டும். ஆக, அந்த ஒரே யூனிட்டின் விலை 233 ரூபாய், அதாவது கால் கிலோ ஆட்டுக்கறிக்கு ஏறக்குறைய ஈடு. இந்தக் கணக்கைப் பொருளாதாரம் படித்தவருக்கு விளக்கவே எனக்கு ஒரு பொழுது பிடித்தது. மண்ணரை மாமியாரோ, கணக்கு எதுவும் போடாமல், ரீடிங் எடுக்கும் நாள் நெருங்கியதும் மீட்டர்ப் பெட்டியை அண்ணாந்து பார்த்துவிட்டு, “அவரு வந்துட்டுப் போறவரைக்கும் அயர்ன் பாக்ஸைத் தொட்டறாதே சாமி” என்று பேரனை எச்சரித்துவிடுகிறார்.

ஆனால் இந்தச் சித்தாந்தம் சொந்த மீட்டர் உடையவர்களுக்கே உரியது. லைன் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு வீட்டுக்காரர் வைத்த சப்-மீட்டரில் பல சமயம் இலவச நூறும் கிடையாது, விலைப் படிக்கட்டும் கிடையாது. முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட்டு வரை அவர் சொன்ன ஒரே விலை. எல்லைக்கோட்டைத் தாண்டாமலிருக்கும் சாமர்த்தியத்துக்கு அங்கே வெகுமதியே இல்லாததால், அவர்கள் விளக்கை அணைப்பதில் காட்டும் வைராக்கியம் பலன் கருதாத நிஷ்காம கர்மமாக, மேலும் உயர்ந்ததாகிறது. குறைந்த கூலிக்காரரிடம் கூடிய விலை வாங்குவது எந்தச் சாஸ்திரத்தில் உள்ளது என்பது மட்டும் என் ஆராய்ச்சிக்கு எட்டவில்லை.

எல்லாம் சரி, இவ்வாறு மிச்சம் பிடித்த பொருள் எங்கே என்ற பூர்வபட்சம் எழுகிறது. அலமாரியில் இல்லை, பாங்கியில் இருந்தால் குழுக்கடன் ஏன்? இதை அந்த மாமியாரிடமே கேட்டேன்.

“ஏனுங்கம்மா, இத்தனையும் மிச்சம் புடிக்கறீங்களே, அந்தக் காசெல்லாம் எங்கீங்க போகுது?”

“மொய் வெக்கறதுக்கே பத்தறதில்லீங்க தம்பி. போன வைகாசில மட்டும் எத்தனை காது குத்து, எத்தனை கல்யாணம்! நாங்க வெச்சாத்தானுங்களே எங்களுக்கும் வரும்?”

இந்த மறுமொழியால் ஆராய்ச்சி புதுத்திசையில் திரும்பிற்று. எண்ணெயிலும் சோப்பிலும் துளித்துளியாக மிச்சமானது மொய் நோட்டுகளில் ஏறி, பங்காளிகள் மாமன் மச்சான்கள் கையில் ஊரெல்லாம் சுற்றி, தன் வீட்டு விசேஷத்தன்று மொத்தமாகத் திரும்புகிறது. துளியாகப் போனது தொகையாக வந்தால் அது என்ன செய்யும்? நீராவி இயந்திரங்கள் நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கத் தொடங்கியதனாலேயே நாட்டில் நிலக்கரிச் செலவு பெருகியது என்று ஆங்கிலப் பொருளியலார் ஜெவன்ஸ் 1865-இல் எழுதியதை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும்.

அந்த வீட்டில் பேத்தியின் சீர் முடிந்து மொய் எண்ணப்பட்டதும், கோடை கொளுத்துகிறது என்று மகன் ஏ.சி. ஒன்று வாங்கி மாட்டிவிட்டார். அடுத்த ரீடிங்கில் மீட்டர் ஐந்நூறை அநாயாசமாகத் தாண்டியது. மாமியார் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, ஏ.சி. வந்த அட்டைப்பெட்டியைத் தட்டு அளவுக்கு அறுத்துப் பீரோவின் நான்கு தட்டுகளிலும் விரித்துவிட்டு, மிச்சமிருந்த துண்டு முக்காலடி குறைகிறதே, அளந்து அறுத்திருந்தால் ஷோகேஸுக்கும் வந்திருக்குமே என்றுதான் மருமகளிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.