பேஸ் பெட்டிப் புணரியல்

பாயிரம்

இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வந்து சேர்வதைப் புணர்ச்சி என்று பெயரிட்டு, முன்நிற்பதை நிலைமொழி என்றும் வந்து சேர்வதை வருமொழி என்றும் வகுத்து, இடையே ஓர் ஒற்று மிகுமா மிகாதா என்பதற்கே இயல் இயலாக விதி கண்ட தமிழ் இலக்கணம், பேஸ் கிடாரின் ஆம்பும் அதன் ஸ்பீக்கர் பெட்டியும் சேருமிடத்தில் எந்தச் செருகி வர வேண்டும் என்பதற்கு ஒரு நூற்பாவும் இயற்றாமல் விட்டது பெருங்குறையாகும். ஒற்று பிழைத்தால் சிவப்பு மையால் திருத்திவிடலாம். செருகி பிழைத்தால் ஆம்பைத் தோளில் சுமந்துகொண்டு பழுது பார்ப்பவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும் என்பதால், இவ்வியல் எழுந்தது.

ஈண்டு ஆம்ப் என்பது கிடார்க் கம்பி எழுப்பும் மெல்லிய மின்னலைக்கு வலுவூட்டும் கருவி. பெட்டி என்பது அவ்வலுவை வாங்கிக் காற்றை உதைத்துத் தள்ளும் ஸ்பீக்கர்கள் குடியிருக்கும் மரக்கூடு. ஆம்பின் முதுகிலும் பெட்டியின் முதுகிலும் உள்ள துளைகள் நிலைமொழி. கேபிளின் முனைகளில் உள்ள செருகிகள் வருமொழி. கேபிளுக்கு முனை இரண்டாதலின், ஒரு கச்சேரிக்கு இரு புணர்ச்சி என்று கொள்க.

இச்சிறு துளைக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கெனின், அதன் வழியே செல்லும் மின்சாரத்தின் அளவே விடை கூறும். பேஸின் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. இத்தகைய தாழ்ந்த ஒலியைக் காது எளிதில் வாங்காதாதலின், அதைக் கேட்கச் செய்வதற்குப் பெருவலு தேவைப்படுகிறது. 4 ஓம் மின்தடையுள்ள பெட்டிக்கு 500 வாட் ஊட்டும் ஆம்ப், முழு வலுவில் சுமார் 45 வோல்ட் அழுத்தத்தில் 11 ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. கிடாரிலிருந்து ஆம்பிற்குள் நுழைந்ததோ பெரும்பாலும் ஒரு வோல்ட்டை ஒட்டியது அல்லது அதற்கும் கீழானது.

வருமொழி வகை

வருமொழி நான்கு வகைப்படும். முதலாவது கால் அங்குல ஜாக், அதாவது 6.35 மில்லிமீட்டர் தடிமனுள்ள உலோகக் குச்சி. சென்னை ரிச்சி தெருவில் இதைப் பி-38 என்று கேட்டால் கடைக்காரரின் கை தானாக உரிய டப்பாவுக்குப் போகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தொலைபேசி இணைப்பகத்தில் அழைத்தவரையும் அழைக்கப்பட்டவரையும் கையால் சேர்த்துவைப்பதற்கென்று பிறந்த இச்செருகியின் மீது 11 ஆம்பியரை ஏற்றுவது, கடுதாசி கொண்டுபோகும் ஆளின் தலையில் நெல்மூட்டையை வைப்பதை ஒக்கும். அவர் நடந்துவிடுவார் என்பது உண்மை, ஆனால் இடறி விழுந்தால் குறை அவருடையதன்று. இதற்குப் பூட்டு இல்லாமையால் யாரேனும் கேபிளில் கால் தட்டினாலும் கழன்றுவிடுகிறது. நுனியும் தண்டும் வெளியே தெரியும் வெற்று உலோகமாதலின், ஆம்பில் ஒரு முனை செருகியிருக்க மறுமுனை கழன்று மேடையின் இரும்புச் சட்டத்தில் விழுமாயின், இரண்டும் ஒருசேர அதைத் தொட்டு ஷார்ட் ஆக இடமுண்டு.

இரண்டாவது கேனன், அதாவது மூன்று ஊசியுள்ள எக்ஸ்எல்ஆர் செருகி. முன்பு சில பெட்டிகள் இதையும் ஏற்றன. ஆனால் பாடகரின் மைக் கேபிளும் இதே முகத்தோடு மேடையில் கிடப்பதால், இருட்டில் எது எதனோடு சேரும் என்று எவராலும் உறுதி கூற இயலவில்லை.

மூன்றாவது பனானா, அதாவது 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள பின். ஆம்பின் முதுகில் இணையாக நிற்கும் இதன் துளைகளுக்கு இடையே உள்ள தொலைவு 19 மில்லிமீட்டர். ஜெர்மனி முதலிய நாடுகளில் வீட்டுச் சுவரில் உள்ள 230 வோல்ட் மின்துளைகளுக்கு இடையே உள்ள தொலைவும் அதுவே என்பதால், பெட்டி நேராகச் சுவரோடு சம்பந்தம் செய்துகொள்ளும் அபாயம் கருதி, ஐரோப்பாவில் இத்துளைகளை அடைத்தே விற்கும் வழக்கம் ஏற்பட்டது.

நான்காவது ஸ்பீக்கான். லீக்டன்ஸ்டைன் என்னும் 160 சதுர கிலோமீட்டர் நாட்டைச் சேர்ந்த நியூட்ரிக் நிறுவனம் 1987இல் உருவாக்கிய இச்செருகியை உற்று நோக்கினால், துருத்திய உலோகம் எதுவும் கண்ணில் படாது. மின்தகடுகள் விரல் எட்டாத பள்ளத்தில் ஒடுங்கியிருக்கும். துளையில் வைத்து வலப்பக்கம் கால்சுற்று திருப்பினால் ‘டக்’கென்று தாழ் விழும், தாழைப் பின்னிழுத்து இடப்பக்கம் திருப்பினாலன்றி, இழுத்தாலும் மிதித்தாலும் வராது. நான்குமுனைச் செருகியில் 1+, 1−, 2+, 2− என்று குறிகள் இருப்பினும், பேஸ் பெட்டிகளில் பெரும்பாலும் முதலிரண்டிலேயே கம்பி குடியிருக்க, பின்னிரண்டும் ஆளில்லா வீடுகளாய்க் கிடக்கும். இருமுனைச் செருகி நான்குமுனைத் துளையில் பொருந்தும்; நான்குமுனைச் செருகி இருமுனைத் துளையில் பொருந்தாது. கேபிள் வாங்குவோர் இவ்வொருவழி விதியைப் பெட்டியின் முதுகைப் பார்த்து உறுதி செய்துகொள்க.

விகாரமும் போலியும்

தோன்றல், திரிதல், கெடுதல் எனச் சொற்புணர்ச்சிக்குக் கூறப்பட்ட மாற்றங்கள் மூன்றும் இங்கும் உள. தளர்ந்த ஜாக்கில் இல்லாத கரகரப்பு ஒன்று புதிதாக எழுவது தோன்றல்; தொடுமுனை சரியாகப் பற்றாமையால் ஒலி தேய்ந்து உருமாறுவது திரிதல்; ஷார்ட் ஆகி, பாதுகாப்புச் சுற்று விழித்துக்கொள்ளாத ஆம்பின் டிரான்சிஸ்டர்கள் கருகுவது கெடுதல். வால்வு ஆம்பிற்கோ இவ்விதி தலைகீழாகும். அது கணநேர ஷார்ட்டைப் பொறுத்தாலும், பெட்டியே இல்லாமல் ஒலிக்கச் செய்தால் அதன் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் பழுதாகக்கூடும் என்பதால், அங்கே புணராமையே கெடுதலுக்கு ஏதுவாகிறது.

இவற்றினும் கொடியது போலி. கிடாரை ஆம்போடு சேர்க்கும் கேபிளும் பி-38 உடையதாதலின், அவசரத்தில் அதையே பெட்டிக்கும் செருகுவோர் உளர். ஆனால் அதன் உட்கம்பி பொதுவாக 0.2 சதுர மில்லிமீட்டர் அளவே இருக்கும். 3 மீட்டர் நீளத்தில் அக்கம்பி மட்டுமே கால் ஓம் அளவு தடையாக நின்று, மேற்கூறிய ஆம்பின் முழு வலுவில் சுமார் 30 வாட் வெப்பத்தை வெளியிடும். இது சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றின் வெப்பத்திற்கு நிகர். எலெக்ட்ரிஷியன்கள் இரண்டரை ஸ்கொயர் என்று வழங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரிலோ, அதே நீளத்திற்குப் போகவும் வரவும் சேர்த்து வீணாவது 500 வாட்டில் 5 வாட் மட்டுமே. எனவே செருகியின் முகத்தை நம்பாமல், கேபிளின் உறைமீது அச்சிட்டதைப் படித்தறிவதே முறை.

தடையும் விடையும்

தங்கம் பூசிய செருகியால் பேஸ் கனிந்து ஒலிக்கும் என்பார் ஒரு சாரார். தங்கம் மின்சாரத்தைக் கடத்துவதில் தாமிரத்திற்கு அடுத்தபடியே. அதைப் பூசுவது கறுக்காமல் இருப்பதற்காக. ஆதலின் அக்கூற்று நகைக்கடைக்கு ஏற்புடையது, மேடைக்கு அன்று.

எல்லா ஜாக்கும் தீது எனின், அன்று. பழைய பெட்டியில் ஜாக் துளை மட்டுமே இருந்து, ஆம்பின் வலுவும் அளவோடு இருப்பின், தடித்த ஒயர் பூட்டிய பி-38 போதும். ஆனால் இன்றைய இலேசான ஆம்புகள் சிலவற்றில் அவுட்புட்டின் இரு முனையுமே மின்னுயிர் உள்ளவை. அவற்றில் ஜாக்கின் தண்டு எர்த் ஆன உலோகத்தைத் தொட்டாலே ஷார்ட் ஆகுமாதலின், ஆங்கு ஜாக் விலக்கப்படும்.

அடாப்டரால் ஜாக்கையும் ஸ்பீக்கானையும் இணைத்தால் என்ன எனின், அது உடம்படுமெய் போல இடையில் நின்று இணக்கம் செய்யுமேனும், உடம்படுமெய்யை எவரும் கால் தட்டிக் கழற்றிவிடுவதில்லை என்பது நோக்கத்தக்கது. ஸ்பீக்கானையும் ஜாக்கையும் ஒருங்கே ஏற்கும் கூட்டுத்துளை உள்ள பெட்டியிலும் ஸ்பீக்கானையே செருகுக.

முடிபு

ஆய்ந்தவற்றின் பயன் இது: நல்ல செருகியின் இலக்கணம் எல்லாவற்றோடும் சேர்வதன்று, உரியதோடு மட்டும் சேர்ந்து, மற்றவற்றோடு சேர மறுப்பது. மைக்கோடும் சேராமல், கிடாரோடும் சேராமல், சுவரோடும் சேராமல், சேர்ந்த இடத்தைவிட்டு எளிதில் நீங்காமல் இருப்பது ஸ்பீக்கான் ஒன்றே. இதனால் பேஸின் நாதம் ஒரு குன்றிமணியளவும் இனிமை பெறாது. கேட்போர் எவரும் வேறுபாட்டை உணரப் போவதுமில்லை. பேஸ் நடுவில் நின்றுபோனால் மட்டுமே அவர்கள் மேடையை நிமிர்ந்து பார்ப்பர். அந்த நிமிர்தல் நேராமல் காப்பதே இச்செருகியின் வேலை. எதைச் செருகினும் எதைக் கழற்றினும், முதலில் ஆம்பை அணைத்துக்கொள்ள வேண்டும் என்பது நான்கிற்கும் பொதுவிதி.