பொண்ணு பாக்கப் போற பேரனுக்கு

வா கண்ணு, மைசூரு மகராசா! சமூகவியல் படிச்சுப்போட்டுப் பாலாத்துக்கு வந்திருக்கறே. அப்புச்சி கேக்கறதுக்குப் பதில் சொல்லு: உன்ற அம்மாயி எனக்கு என்ன முறை? முழிக்காதே. அத்தை மக, எல்லைக்கு அந்தாண்ட தமிழ்நாட்டுக் கொளத்தூர்க்காரி.

நான் பொறந்தப்ப இதெல்லாம் கோயமுத்தூர் ஜில்லா. 1956ல கொள்ளேகால் தாலுகாவோட மைசூர் ராஜ்ஜியத்துல மைசூர் ஜில்லாவுக்குத் தள்ளிவிட்டாங்க. 1997ல சாமராஜநகர்னு புது ஜில்லா. திண்ணையை விட்டு எந்திரிக்காமயே மூணு ஜில்லா பாத்துப்போட்டேன். பொண்டாட்டி மட்டும் ஒருத்திதான். எல்லையில செக்போஸ்ட்டுக்காரன் லாரியை நிறுத்துவான், மூட்டையைப் பிரிப்பான். சீர் கொண்டுட்டு வர்ற தாய்மாமனை என்னன்னு நிறுத்துவான்?

மாதேஸ்வரன் மலைக்கு அந்தாண்ட கன்னடத்தார் வீட்டுலயும் அக்கா மகளைக் கட்டற வழக்கம் உண்டு. வடக்க போய்ச் சொன்னீன்னா காதைப் பொத்திக்குவாங்க. 1955ல போட்ட இந்து திருமணச் சட்டமும் மாமன் அக்கா மகளைக் கட்டக்கூடாது, அத்தை மகன் மாமன் மகளைக் கட்டக்கூடாதுங்குது. அப்புறம் ‘உங்க வழக்கத்துல இருந்தாச் சரி’ன்னு பொறவாசலைத் திறந்து வெச்சிருக்குது. சொந்தத்துல கட்டுன தெக்கத்திக்காரங்க எல்லாம் அது வழியாத்தான் மணவறைக்குப் போனாங்க.

பிரமலைக் கள்ளர் ஊருல தங்கி ஆராய்ச்சி பண்ணுன லூயி துய்மோன்னு பிரெஞ்சுக்காரரைப் பத்திச் சொன்னியே. மாமன் மச்சான் உறவு ஒரு தலைமுறையோட முடியாது, அப்பன்கிட்ட இருந்து மகனுக்கும் எறங்கும்னாராமே. கொங்குக் கல்யாணத்துல இணைச்சீர் பாத்திருந்தா அவருக்குப் பாதி வேலை மிச்சம். மாப்பிள்ளை தாலி கட்டறதுக்கு முந்தியே கூடப்பொறந்தவளோட சேந்து சீர் பண்ணறான். ‘ஒருத்தியைக் கட்டுனாலும் உன்னை விட மாட்டேன், என்ற மக உன்ற மகனுக்கு’ங்கற பேச்சு அது.

பயப்படாதே, அக்கா மகளைக் கட்டச் சொல்லலை. சொந்தத்துல வேண்டாம்னு டாக்டரு சொல்றாரு. அதுவுமில்லாம உன்ற அக்கா மக இன்னும் தொட்டில்ல கெடக்கறா.

ஆனா செல்போன்ல பொண்ணு தேடறியே, அது ஒசரம் கேக்குது, சம்பளம் கேக்குது, நட்சத்திரம் கேக்குது. ‘நாளைக்கு நீ இவளை அழ வெச்சா உன்னைக் கேக்க யாரு இருக்கறா?’ன்னு கேக்குதா? உன்ற அம்மாயிக்கு மாமனாரே தாய்மாமன். நான் ஒரு சொல்லு எச்சாப் பேசுனா எங்கப்பன் அவ கட்சி. பரிசம் போட்டதும் நாங்கதான். இப்ப அசல்ல கட்டறவன் காரு கேக்கறான். 1961லயே வரதட்சணைக்குத் தடை வந்தாச்சுன்னு அவனுக்கும் தெரியும், அதனால ‘அன்பளிப்பு’ங்கறான்.

நீ அசல்லயே கட்டு. வேற சாதின்னாலும் கட்டு. எனக்கு அப்ப மட்டும் காது கேக்காது. ஆனா தாலி கட்டறதுக்கு முந்தி என்ற போன் நம்பரை அந்தப் புள்ளை கையில குடு. நீ வாலாட்டுனா என்னைக் கூப்பிடட்டும். அவளுக்குத் தாய்மாமன் இருந்தா ரெண்டு பேராச் சேந்து வர்றோம். இல்லீன்னா அந்தப் பதவிக்கு அப்புச்சி இப்பவே மனுப் போட்டாச்சு.